உங்களை என்னவென்று கூப்பிட்டார்கள்?

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குக் காரைக்குடி செக்காலைப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் நாங்கள் நான்கு பேர் கூடுகிறோம். மூவர் தம்பதியருக்கும் குடும்பங்களுக்கும் ஆலோசனை சொல்லும் தொழிலுக்கு வந்து இரண்டு ஆண்டுகள்கூட நிறையாதவர்கள். நான்காவது ஆள் நான், இதே தொழிலில் பத்தொன்பது ஆண்டுகளைக் கழித்தவள். அந்த வாரம் பார்த்த குடும்பங்களைப் பற்றி அவர்கள் சொல்வார்கள், பதிவு செய்து வந்த ஒலியில் சில நிமிடங்களைப் போட்டுக் காட்டுவார்கள், பிறகு பேசுவோம். இதற்குச் சூப்பர்விஷன் என்பதுதான் எங்களிடையே வழங்கும் பெயர். 'மேற்பார்வை' என்று எழுதிப் பார்த்தேன். கட்டட வேலைக்கு எத்தனை சித்தாள் வந்தார்கள் என்று எண்ணிக்கொண்டு நிற்கும் மேஸ்திரியின் முகம்தான் கண்முன் வந்தது. அந்த முகத்தையும் முற்றிலும் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் இடத்தில் சூப்பர்விஷன் என்ற பெயரில் நடந்தது அதுதான்.

அது ஒரு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவு. மாதக் கடைசியில் மேலதிகாரி பதிவேட்டைத் திறந்து, எத்தனை கேஸ், எத்தனை பேர் மறுமுறை வந்தார்கள், எத்தனை தம்பதியர் 'சேர்ந்துவிட்டார்கள்' என்று எண்ணிக் கீழே கையெழுத்துப் போடுவார். அந்தக் காலத்தில் ஒரு மாமியாரும் மருமகளும் என்னிடம் வந்தார்கள். (இங்கே சொல்லும் குடும்பங்களின் அடையாளங்களை மாற்றியும் கலந்தும் எழுதியிருக்கிறேன், என்னிடம் வரும் மூவரிடமும் அனுமதி கேட்டே எழுதுகிறேன்.) மாமியார் என்னைப் பார்த்த முதல் நாளே "என்ன ஆத்தா, சாப்பிட்டியா?" என்றார். இரண்டாம் முறை ஒரு டப்பா நிறையச் சீப்புச் சீடை கொண்டுவந்தார், நானும் வாங்கிக்கொண்டேன். மூன்றாம் முறை மருமகள் வரவில்லை, பிறகு வரவே இல்லை. அந்தப் பெண்ணுக்கு ஒத்துழைக்கும் மனம் இல்லை என்று பதிவேட்டில் எழுதினேன். மேலதிகாரி கையெழுத்துப் போட்டார்.

மூன்று ஆண்டுகள் கழித்து மதுரையில் ஓய்வு பெற்ற மூத்த மனநலச் சமூகப் பணியாளர் ஒருவரிடம் மாதம் ஒரு முறை போய் உட்காரத் தொடங்கினேன். திருப்பத்தூர், மேலூர் வழியாகப் பேருந்தில் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். அவர் எனக்கு ஒதுக்கியதோ ஒரு மணி நேரம். அந்தப் பழைய கேஸைச் சொன்னபோது, நான் கையாண்ட முறைக்கு என்ன பெயர் என்று அவர் கேட்கவில்லை. "அந்த அம்மா உங்களை என்னன்னு கூப்பிட்டாங்க?" என்று கேட்டார். ஆத்தா என்று கூப்பிட்டதாகச் சொன்னேன். "அவுகளுக்கு நீங்க மகள்னா, மருமகளுக்கு நீங்க யாரு?" என்றார்.

நாத்தனார். அந்தச் சொல்லை நான் வாய்விட்டுச் சொல்லக்கூட இல்லை. சொந்த நாத்தனாரின் முன்னால் உட்கார்ந்து எந்த மருமகள் தன் மனக்குறையைச் சொல்வாள்? சீடை டப்பாவை வாங்கிய அன்றே அந்தக் குடும்பத்தில் எனக்கு ஓர் இடம் போட்டாயிற்று. அங்கே உட்கார்ந்தபடி நான் கற்ற உத்திகளையெல்லாம் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தேன். தவறு உத்தியில் இருந்திருந்தால் புத்தகத்தைப் பார்த்து நானே திருத்தியிருப்பேன். இருந்த இடமே தவறாக இருந்ததால், வெளியே நின்று பார்க்கும் ஒருவர் சொல்லாமல் எனக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

இப்போது என்னிடம் வருபவர்களிடம் நான் முதலில் கேட்பதும் இதையேதான். தெரபிஸ்ட் எல்லோருக்கும் பொதுவானவராக இருக்க வேண்டும் என்று பாடநூல்கள் சொல்கின்றன. பொதுவான ஆளைக் கூப்பிடுவதற்கு நம் பேச்சில் சொல் எங்கே இருக்கிறது? வயதில் சிறியவர் என்றால் தம்பி, பாப்பா. சற்று மூத்தவர் என்றால் அண்ணே, அக்கா. அதற்கும் மேலே போனால் ஆச்சி, ஐயா. முறை வைத்துக் கூப்பிட மனமில்லாதபோது 'சார்', 'மேடம்', 'டாக்டர்' என்பார்கள். அதில் உறவு விலகிப்போய் அதிகாரம் வந்து உட்காரும். எந்தச் சொல்லும் சும்மா வருவதில்லை. வீட்டில் காலியாக இருக்கும் ஓர் இடத்தைத்தான் வந்தவருக்குக் கொடுக்கிறார்கள், சில வேளைகளில் இறந்துபோன ஒருவரின் இடத்தைக்கூட.

சென்ற மாதம் நடந்ததைச் சொல்கிறேன். மூவரில் ஒருவர் இருபத்தாறு வயது இளைஞர், நல்ல படிப்பாளி. கணவன், மனைவி, கணவனின் தாய் ஆகிய மூவரோடு நடந்த இரண்டாவது செஷனின் பதிவை அவர் போட்டுக் காட்டினார். மணமாகிப் பதினான்கு மாதம் ஆன தம்பதியர். தாயின் குரல் தெளிவாகக் கேட்டது: "தம்பி, நீங்களே சொல்லுங்க. நாங்க என்ன கொறை வச்சோம்? வேறயும் வச்சாச்சு. அடுப்பும் தனி, அரிசியும் தனி. இன்னும் என்ன செய்யணுங்கிறாக அவுக வீட்டுல?" அதற்கு நம் இளைஞர், "சரிங்கம்மா." இன்னொரு நீண்ட குற்றச்சாட்டு, இன்னொரு "சரிங்கம்மா." கணவன் இரண்டு முறை தொண்டையைச் செருமினார். நாங்கள் கேட்ட ஒன்பது நிமிடத்தில் மருமகளின் குரல் ஒரு முறைகூட இல்லை. நடுவில் எங்கோ வளையல் சத்தம் மட்டும் கேட்டது.

பதிவை நிறுத்திவிட்டு நான் பேசத் தொடங்கினேன். மூவரையும் ஒன்றாக உட்காரவைத்தது சீக்கிரம் என்றேன். "சரிங்கக்கா" என்றார். அடுத்த முறை தம்பதியரை மட்டும் கூப்பிடலாம் என்றேன். "சரிங்கக்கா." தாயின் பேச்சை மரியாதை குறையாமல் எங்கே மறித்திருக்கலாம் என்று, பதிவில் மூன்று இடங்களைத் தேடி எடுத்துக் காட்டினேன். குறிப்பேட்டில் வேகமாக எழுதியபடி மீண்டும் "சரிங்கக்கா" என்றார். இருபது நிமிடமாவது ஓடியிருக்கும். அப்போதுதான் எதிரில் உட்கார்ந்திருந்த பெண், அந்த மூவரில் மிக அண்மையில் வந்து சேர்ந்தவர், தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அக்கா, நான் இன்னும் ஒன்னுமே பேசலை."

அறையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு எல்லோரும் சிரித்துவிட்டோம், என் சிரிப்பில் கொஞ்சம் அசடும் கலந்திருந்தது. மாமியாராக நான் உட்கார்ந்திருக்கிறேன். 'சரிங்கம்மா' சொன்ன வாய் 'சரிங்கக்கா' சொல்கிறது. மருமகளின் இடத்தில் ஒரு பெண் வாய் திறக்க வழியில்லாமல் இருபது நிமிடம் உட்கார்ந்திருக்கிறார். செஷனில் நடப்பது சூப்பர்விஷன் அறையிலும் அப்படியே மறுபடி நடக்கும் என்பதை ஹெரால்டு சியர்ல்ஸ் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1955ஆம் ஆண்டிலேயே எழுதினார். குடும்ப சிகிச்சையாளர்கள் பின்னால் அதற்கு வேறு பெயர் வைத்து, மேலிருந்து கீழேயும் அது பாயும் என்றார்கள். அதாவது நான் அவரை எப்படி நடத்துகிறேனோ அப்படித்தான் அவர் அந்தக் குடும்பத்தை நடத்துவார். இதை நானே வகுப்பெடுத்திருக்கிறேன். எடுத்தும் மாட்டிக்கொண்டேன்.

அந்தப் பெண்ணிடம், பதிவைக் கேட்டபோது உங்களுக்கு என்ன தோன்றியது என்று கேட்டேன். அவர் சொன்னது எங்கள் எவருக்கும் படாத ஒன்று. "அந்தம்மா 'தம்பி'ன்னு சொல்றப்பல்லாம் பக்கத்துல இருக்கிற மகன் செருமுறாரு. இவரு தம்பியாயிட்டா, அந்த வீட்டுல பேச்சைக் கேக்கிற பிள்ளை இவருதானே?" பதிவை மறுபடி போட்டோம். இரண்டு செருமல்களும் 'தம்பி'க்கு அடுத்தே வந்தன. கணவன் செய்யாததை, அதாவது தாய்க்கு ஆமாம் போடுவதை, நம் இளைஞர் அவருக்காகச் செய்துகொண்டிருந்திருக்கிறார்.

அவர் எழுதி வந்த குறிப்பில் இன்னொரு சிக்கலும் இருந்தது. இது எல்லைகள் (யார் யாருடைய காரியத்தில் எவ்வளவு தலையிடலாம் என்ற வரம்புகள்) மங்கிப்போன குடும்பம், எனவே தனிக்குடித்தனம் போகச் சொல்வதே தீர்வு என்று முடித்திருந்தார். சால்வடோர் மினுச்சின் என்ற குடும்ப சிகிச்சையாளர் ஃபிலடெல்ஃபியாவில் வளர்த்தெடுத்த கட்டமைப்பு முறையில் எல்லை என்பது முதன்மையான கருத்து என்பது உண்மைதான். ஆனால் இந்த மண்ணில் எல்லை போடத் தெரியாமல் யாரும் இல்லை. நான் இளையான்குடிப் பக்கம் பிறந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவள், நகரத்தார் சமூகத்தைச் சேர்ந்தவள் அல்லள். வந்த புதிதில் என்னை மிகவும் வியக்கவைத்தது அவர்களுடைய 'வேறு வைக்கும்' வழக்கம். மகனுக்குத் திருமணமானதும் அவனையும் மனைவியையும் அதே பெரிய வீட்டுக்குள்ளேயே தனிச் சமையலோடும் தனிக் கணக்கோடும் வைத்துவிடுவார்கள். ஆண்டுக்கு இவ்வளவு என்று பெற்றோர் அளந்து கொடுப்பதற்குள் அவர்கள் குடும்பம் நடத்திக்கொள்ள வேண்டும். ஒரே வளவில் (வீட்டின் நடு முற்றத்தைச் சுற்றிய பகுதியில்) நான்கு அடுப்பு எரிந்தாலும் ஓர் அடுப்பின் கணக்கு இன்னொன்றுக்குப் போகாது. நகரத்தாரின் குலப்பிரிவுகளுக்குரிய ஒன்பது கோயில்களின் கணக்கிலும் மணமான ஒவ்வொரு தம்பதியும் தனிப் 'புள்ளி'தான். கூரை ஒன்று, குடும்பம் பல. மினுச்சின் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார் என்று எனக்கு ஓர் எண்ணம்.

ஆகவே கேள்வி, எல்லை இருக்கிறதா என்பதில்லை. போட்ட எல்லை எங்கே ஓட்டையாகியிருக்கிறது என்பதுதான். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், சண்டைக்கு நெளிகோடு என்று மூன்று தலைமுறையைப் படமாகப் போடுவது எங்கள் தொழிலில் வழக்கம். அதோடு வீட்டின் வரைபடத்தையும் போடச் சொல்வது என் பழக்கம்: முகப்பு எங்கே, வளவு எங்கே, எந்த அறையில் யார் படுக்கிறார்கள், எந்தச் சாவி யார் கையில், இரவில் தண்ணீர் குடிக்கப் போகிறவர் யார் கதவைக் கடந்து போக வேண்டும். இளைஞர் எழுதுகோலை எடுத்தார். முகப்பும் வளவும் போட்டார். இரண்டாங்கட்டில் புது அடுப்படி எந்த மூலை என்பது தெரியவில்லை. தனிக்குடித்தனத்தைப் பரிந்துரைத்தவருக்கு அடுப்பு இருக்கும் இடம் தெரியவில்லை என்பதை நான் குத்திக்காட்டியிருக்க வேண்டியதில்லை. குத்திக்காட்டினேன். அவர் இப்போது 'சரிங்கக்கா' சொல்லாமல், "அடுத்த வாரம் அவுகளையே வரையச் சொல்றேன்" என்றார். இருவருமே கொஞ்சம் தேறியிருந்தோம்.

அடுத்த வாரம் தம்பதியர் சேர்ந்து வரைந்தார்கள். மனைவி அடுப்படியைப் போட்டுவிட்டு, அதற்குள் ஒரு சிறு உருளையையும் போட்டாராம். புது அடுப்படிக்கு நகர்த்தியது மாமியார் பெயரில் உள்ள இணைப்பின் இரண்டாவது சிலிண்டர். பதிவு செய்தால் குறுஞ்செய்தி மாமியாரின் செல்போனுக்குப் போகும். ஆள் கொண்டுவந்து இறக்கும்போது சொல்ல வேண்டிய எண்ணும் அங்கேதான் வரும். "போன தடவை நாப்பது நாள் வந்துச்சு, இந்தத் தடவை முப்பத்திரண்டுதான்" என்று மாமியார் வளவில் சொல்வாராம், யாரிடமும் குறிப்பாகச் சொல்லாமல். அந்த எட்டு நாள்தான் அந்தப் பெண்ணுக்குத் தொண்டையில் நின்றிருக்கிறது. கணவனுக்கு அது இதுவரை ஒரு விஷயமாகவே தெரிந்திருக்கவில்லை. தனிக்குடித்தனம் என்று முதல் குறிப்பிலேயே முடித்திருந்தால் இந்தச் சிலிண்டர் வெளியே வந்திருக்காது.

இப்படி ஒருவர் கூட உட்கார்வது தொழிலின் நிபந்தனையாகவே சில நாடுகளில் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் திருமண, குடும்ப சிகிச்சையாளராக உரிமம் பெறக் குறைந்தது 104 வாரங்களில் 3,000 மணி நேரம் சூப்பர்விஷனுக்கு உட்பட்டு வேலை செய்திருக்க வேண்டும். நம் நாட்டில் இந்தத் தொழிலுக்கென்று தனி உரிமம் கிடையாது. மருத்துவ உளவியலாளர்கள் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்கிறார்கள். 2021ஆம் ஆண்டில் துணைநிலைச் சுகாதாரத் தொழில்களுக்காக வந்த சட்டத்தின் அட்டவணையில் பலவகை ஆலோசகர்களும் இடம் பெற்றிருக்கிறார்கள். ஆனாலும் முதுகலைச் சான்றிதழை வாங்கிய மறுநாளே பலகை மாட்டிவிடுகிறவர்களை நான் பார்க்கிறேன். அவர்களிடம் வரும் குடும்பமோ அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் ஒரு சுற்றும், ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு சுற்றும் முடித்து, வக்கீலையும் பார்த்துவிட்டு வந்திருக்கும். மணிக்கணக்கு எண்ணுவதால் மட்டும் திறமை வந்துவிடாது என்பது சரி. எண்ண ஆளே இல்லாத இடத்தில் அதைச் சொல்லிப் பயனில்லை.

சில காரியங்கள் சனிக்கிழமைவரை காத்திருக்கக் கூடாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு வந்தால் அன்றைக்கே, அந்தக் குடும்பம் அறையை விட்டுப் போவதற்குள் எனக்குத் தொலைபேசி வர வேண்டும். அடிதடி இருக்கலாம் என்ற ஐயம் வந்தால் கணவனையும் மனைவியையும் ஒன்றாக உட்காரவைத்து விசாரிக்கக் கூடாது. அறையில் உண்மை சொன்னவளுக்கு வீட்டில் அதற்கான கூலி கிடைக்கும். குழந்தையிடம் பாலியல் அத்துமீறல் என்று தெரிந்தாலோ, 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு எல்லோரையும் போல எங்களையும் கட்டுப்படுத்துகிறது. 'குடும்ப மானம்' என்று எவ்வளவு பெரிய வீட்டு ஐயா கெஞ்சினாலும் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். இதில் விவாதத்துக்கு இடமில்லை, ஆகவே நான் இங்கே அக்காவாக இருப்பதில்லை.

இரகசியம் காப்பது விவாதத்துக்கு நிறையவே இடம் தருகிறது. ஒலிப்பதிவுக்கு எழுத்தில் ஒப்புதல் வாங்குகிறோம், கேட்டு முடித்ததும் அழிக்கிறோம், தங்களைப் பற்றி மூத்தவர் ஒருவரிடமும் பேசப்படும் என்பதை முதல் நாளே வருபவர்களுக்குச் சொல்கிறோம். இவ்வளவும் எளிது. ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் அடுத்த இலையில் அந்தத் தம்பதியே வந்து உட்கார்ந்தால் என்ன செய்வது? பெருநகரங்களில் எழுதப்பட்ட நெறிமுறைகள், வெளியே பார்த்தால் தெரபிஸ்ட் முதலில் பேசக் கூடாது என்று சொல்கின்றன. செட்டிநாட்டில் தெரிந்தவரைப் பார்த்து 'வாங்க' என்று சொல்லாமல் இருந்தால் அது மரியாதைக் குறைவு, அதைவிட, பக்கத்தில் இருப்பவருக்குச் சந்தேகம் வரும். நாங்கள் பல வாரம் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம்: 'வாங்க' உண்டு, 'எப்படி இருக்கீங்க?' கிடையாது.

இன்னொன்று, 'எந்தக் கோயில்?' என்ற கேள்வி. நகரத்தார் வீட்டுப் பெரியவர்கள் ஆளை இனம் கண்டுகொள்ளக் கேட்பது. எங்கள் குழுவில் இருக்கும் மூன்றாமவர் வேறு சமூகத்தவர். ஓர் ஆச்சி இப்படிக் கேட்டதும் அவருக்கு முகம் சுருங்கிவிட்டது, அதன் பிறகு அந்தச் செஷனில் அவர் சொன்ன எதிலும் உயிர் இல்லை. பதிவில் அது அப்பட்டமாகத் தெரிந்தது. அந்தக் கேள்வியால் அவருக்குள் எழுந்தது பள்ளிக்கூடக் காலத்துப் பழைய காயம். அதை எங்கள் அறையில் முழுதாகத் திறக்க நான் விடவில்லை. என்னிடம் கற்க வந்தவருக்கு நானே சிகிச்சையும் செய்தால், பிறகு அவருடைய வேலையில் குறை சொல்லும் உரிமை எனக்குப் போய்விடும். அதற்கு வேறொருவரைப் பார்க்கச் சொன்னேன். ஆச்சிக்கு என்ன பதில் சொல்வது என்பதை மட்டும் எங்களுக்குள் நடித்துப் பார்த்தோம். "நான் அந்தக் கோயில்கள்ல சேர்ந்தவ இல்லைங்க ஆச்சி. அதனால உங்க வீட்டு வழக்கம் எனக்குத் தெரியாத இடத்துல நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்." ஏழெட்டு முறை சொல்லிப் பார்த்த பிறகுதான் அது அவருடைய வாய்க்கு வந்தது.

குடும்ப சிகிச்சை நம் ஊருக்கு ஒத்துவராத மேல்நாட்டுச் சரக்கு என்று சிலர் என்னிடம் சொல்வதுண்டு. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் நோயாளிகளின் உறவினர்களை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்திலும் குடும்பத்தார் உடன் தங்கும் முறை நெடுங்காலமாக உண்டு. மற்றவர் பார்க்க சிகிச்சை செய்யும் முறை மேல்நாட்டிலிருந்து வந்தாலும் நம் வீடுகளுக்கு அந்நியமில்லை. மேலே சொன்ன மினுச்சினின் காலத்தில் ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். நார்வேயில் டாம் ஆண்டர்சன் என்ற மனநல மருத்துவர் 1985ஆம் ஆண்டில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த குழுவின் பக்கம் விளக்கைப் போட்டு, குழு பேசுவதைக் குடும்பம் கேட்கும்படி செய்தார். எங்களிடம் கண்ணாடி வாங்கக் காசில்லை. குடும்பம் சம்மதித்தால் இருவர் அறையின் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, முடிவில் தங்களுக்குள் ஐந்து நிமிடம் வெளிப்படையாகப் பேசிக்கொள்வார்கள். வளவுத் தூணுக்குப் பின்னால் நின்று யாரோ எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது கொஞ்சமும் உறுத்துவதில்லை. தூணுக்குப் பின்னால் இருப்பவர் முன்னால் வந்து உட்கார்ந்து பேசியதைப் பார்த்து ஒரு மாமனார் மிகவும் நிம்மதியடைந்தார்.

சிலிண்டர் வீட்டு இளைஞர் சென்ற சனிக்கிழமை முகம் வாடி வந்தார். காரியம் நன்றாகவே போகிறது: இணைப்பின் செல்போன் எண்ணைத் தன்னுடையதாக மாற்றக் கணவன் தானே போய் விண்ணப்பம் கொடுத்திருக்கிறார், தாயிடமும் தானே சொல்லியிருக்கிறார், தாய் இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் பேசிவிட்டார். அதன் பிறகு நடந்த செஷனின் பதிவைப் போட்டார். தாய் உள்ளே வருகிறார், நாற்காலி இழுபடும் சத்தம், பிறகு அந்தக் குரல்: "வணக்கம் சார்."

"மூணு வாரமா தம்பி தம்பின்னுதான் கூப்பிட்டாக, அக்கா" என்றார் இளைஞர். அவர் மேற்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் பதிவை நிறுத்திவிட்டு, எதிரில் இருந்த பெண்ணை முதலில் பேசச் சொன்னேன்.